ஏஞ்சலம்மாளின் வலது தோளில் பாடியவள்

ஏஞ்சலம்மாளுக்கு வலது தோள் வலித்தபோதெல்லாம் அந்தத் தோளிலிருந்து ஒரு அமெரிக்கக்காரி இங்கிலீஷில் பாடினாள். வலி என்றால் தைலம் தேய்த்தால் போகிற வலி இல்லை. தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் பை செய்கிற கார்கானாவில் காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், தோல் விளிம்பில் சொல்யூஷன் பசை தடவி, காயவிட்டு, மடித்து, இரும்புக் கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அமுக்க வேண்டும். கல்யாணமாகித் திருநெல்வேலி நாசரேத் பக்கத்திலிருந்து வந்த வருஷம் பிடித்த சுத்தியல் அது. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் தட்டினாள், பிள்ளை பிறந்து அதைப் பக்கத்தில் தோல் துண்டுகள் மேல் கிடத்தியும் தட்டினாள், அந்தப் பிள்ளை வளர்ந்து மீசை வைத்துக் கப்பலேறிப் போன பிறகும் தட்டினாள். மூட்டுக்குள் மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி மத்தியானத்துக்கு மேல் ஆரம்பிக்கிற வலி, சாயங்காலத்துக்குள் கழுத்துக்கு ஏறி முழங்கைக்கு இறங்கிவிடும். முதல் தடவை பாட்டு வந்த வருஷம் மழை முந்திக்கொண்டது, வெங்காயம் கிலோ எண்பதைத் தொட்டது, லேபர் கேம்ப் பக்கம் ஒரு கல்லியில், சந்து முழுக்கக் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. சனங்கள் நான்கையும் ஒரே குரலில்தான் பேசினார்கள்.

கார்கானாவில் முதலில் யாரும் தோளைச் சந்தேகப்படவில்லை. பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த ஆனி, "யக்கா, போனை அணைங்க, பாய் வந்தா வையுவாரு" என்றாள். ஏஞ்சலம்மாள் சுத்தியலைக் கீழே வைத்து, "எங்கிட்ட ஏதுட்டி போனு?" என்று கேட்டாள். தேடினார்கள். ரேடியோவைத் திருகினார்கள், மேலே பரண் மாதிரியான மாலாவில் தூங்கிக்கொண்டிருந்த பிகாரிப் பையன்களின் பைகளைக் கவிழ்த்தார்கள். கடைசியில் கரீம் பாட்சாவே வந்து, மரியாதைக்கு ஒரு முழம் தள்ளி நின்று காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஏஞ்சலம்மா, பாட்டு ஒங்க தோள்லேர்ந்துதான் வருது, வேலையைப் பாருங்க" என்று சொன்னார். அன்றைக்கு நாக்பூர் ஆர்டர் போக வேண்டியிருந்தது.

வீட்டில் புருஷன் தனசீலன் அதைவிடச் சுலபமாக எடுத்துக்கொண்டான். குர்லாவில் இரும்பு ஏற்றி இறக்குகிறவன். உடம்பிலிருந்து என்ன சத்தம் வந்தாலும் அவனுக்கு ஆச்சரியம் கிடையாது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "வீட்டுக்கு ஒரு டேப்பு வாங்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். ஆண்டவரு செலவில்லாமக் குடுத்துட்டாரு" என்றான். "சத்தத்தக் கொறைக்க முடியுமாட்டி?" ஏஞ்சலம்மாள் தோளைத் துணியால் போர்த்திப் பார்த்தாள். குரல் துணிக்குள்ளிருந்தும் வந்தது, கொஞ்சம் மெத்தென்று.

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே போனது. ஜெப வீட்டில் ஆராதனை உச்சத்துக்குப் போகும்போது எல்லோரும் கையை உயர்த்துவார்கள். ஏஞ்சலம்மாளும் உயர்த்தினாள். வாரம் முழுக்கத் தட்டிய கை, உயர்த்தியதும் மூட்டில் சுருக்கென்று இழுத்தது, பாட்டு கிளம்பிவிட்டது. தகரக்கூரைக்குக் கீழே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அது துக்கமான குரல், ஆனால் கெஞ்சாத குரல். ஆசீர் பாஸ்டர் முழங்கால் போட்டு, "சபையே, அந்நிய பாஷை வரம் எறங்கியிருக்கு" என்றார். வேதத்தின் முறைப்படி அந்நிய பாஷையை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த மூப்பர் ஒருவர் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுந்ததை அப்படியே சொன்னார்: அவர் போய்விட்டார், பெரிய வாகனத்தில் போய்விட்டார், நான் ஜன்னலருகே இருக்கிறேன், விளக்கை அணைக்க மாட்டேன், எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும். போனவர் யார், வரப்போகிறவர் யார் என்று சபையில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் தேம்பினார்கள். அன்று காணிக்கைப் பை கனமாக இருந்தது.

ஏஞ்சலம்மாளும் அழுதாள். ஆனால் அவள் வேறு ஆளை நினைத்து அழுதாள். அவளுடைய ஒரே மகன் ஸ்டெர்லின் சுற்றுலாக் கப்பலில் சலவைக்கூடத்து வேலைக்குப் போனவன். வாராவாரம் கூப்பிடுவான். கப்பலில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் துண்டு துவைக்கிறார்கள் என்று சொல்லுவான், வெள்ளைக்காரர்கள் துண்டைத் தரையில் போடுகிறார்கள் என்று சொல்லுவான், கடைசியில் "சாப்ட்டியாம்மா" என்று கேட்டு வைப்பான். ஒருநாள் மயாமி துறைமுகத்தில் இறங்கினவன் கப்பலுக்குத் திரும்பவில்லை. ஏஜென்ட்காரன் பெட்டியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினான். செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டாலே ஏஞ்சலம்மாள் தலையைத் திருப்பிப் பார்ப்பாள், கூப்பிட்ட மாதிரி.

ஆகவே, கரீம் பாட்சாவின் மகள் சாதியா போனில் தேடிப் பாட்டுக்காரி யாரென்று கண்டுபிடித்து வந்து சொன்ன நாளில், ஏஞ்சலம்மாள் கேட்ட முதல் கேள்வி எந்த ஊர்க்காரி என்பதுதான். சாதியா மாட்டுங்காவில் காலேஜில் படிக்கிறவள், இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. "பேரு நோரீன் ஹாஸ்கெல், மாமி. அமெரிக்கா. ஒஹையோன்னு ஒரு ஸ்டேட்டு" என்றாள். நோரீன் நம்ம முஸ்லிம் வீட்டுப் பேராயிற்றே என்று கரீம் பாட்சாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சாதியா தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னாள். "மாமி, இது ஜெபம் இல்ல. ஒரு ஆளு டிரக்கை எடுத்துக்கிட்டு இவளை விட்டுட்டுப் போயிட்டான். அவனை நெனச்சுப் பாடுது."

"வருவான்னு சொல்லுதாளா?"

"வருவான்னு சொல்லல. வந்தா கதவு தொறந்திருக்குங்குறா."

"அப்ப சரி" என்றாள் ஏஞ்சலம்மாள்.

ஆசீர் பாஸ்டருக்கும் செய்தி போனது. ஒரு வாரம் யோசித்தார். அடுத்த ஞாயிறு, வேதத்தில் கழுதை வாயால் பேசின ஆண்டவருக்கு ஒரு டிரக்குக்காரன் பாட்டு வழியாகப் பேசத் தெரியாதா என்று சபையைக் கேட்டார். சபைக்கு அது நியாயமாகப் பட்டது. பாட்டு தொடர்ந்து ஆராதனையில் இருந்தது.

நோரீன் ஹாஸ்கெல் அந்த நேரத்தில் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஆலை மூடிய பிறகு பாதி வீடுகள் காலியான ஊரில், மளிகைக் கடையில் பில் போடுகிறவள். கைக்காசைப் போட்டு மூன்று ஆல்பம் வெளியிட்டிருந்தாள். அவள் அம்மாகூட முதல் ஆல்பத்தை மட்டும்தான் முழுதாகக் கேட்டிருந்தாள். சனிக்கிழமை ராத்திரி மதுக்கடையில் பாடுவாள். குடிக்கிறவர்கள் டிவியில் பந்தாட்டம் பார்ப்பார்கள். அந்த ராத்திரிதான் தாராவியில் ஞாயிறு காலை. மற்ற நாட்களில் காலையில் கார் ஓட்டி வேலைக்குப் போகும்போது பாடுவாள். அந்தக் காலைதான் கார்கானாவில் சாயங்காலம், வலி உச்சத்துக்கு ஏறுகிற நேரம். இதில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று இன்றுவரை தீரவில்லை. அணுசக்தி நகரிலிருந்து இரண்டு என்ஜினீயர்கள் ஒரு லீவு நாளில் பெட்டியும் ஒயருமாக வந்து தோளை அளந்தார்கள். முள் ஆடியது. ஏன் ஆடியது என்று பேசிக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், பாட்டை இன்னொரு தடவை வரவைக்க முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள், கேட்டுவிட்டு ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். அதில் ஒருவர் பிறகு ஒவ்வொரு மாதமும் பெட்டி இல்லாமல் வந்தார்.

தோள் பாட்டை யாரோ போனில் பிடித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நோரீனுடைய பேரை யாரும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை, அது தானே நடந்தது. கல்யாணிலிருந்து வருகிற லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் பட்டாணி உரித்துக்கொண்டே பாடினார்கள். முலுண்டில் ஃபிளாட் வாசலில் காலிங் பெல்லாக அது அடித்தது. செம்பூரில் கல்யாண பேண்டுக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்தார்கள். விட்டுவிட்டுப் போனவனைப் பற்றிய பாட்டு என்று யாரோ சொன்னபோது, மாப்பிள்ளையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒஹையோவில் நோரீன் ஒருநாள் பாட்டு போட்டிருந்த இணையக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, தன்னைக் கேட்கிற இத்தனை பேரும் தான் போயே இராத ஒரே ஊரில் இருப்பதைக் கண்டாள். சாதியா எழுதினாள், நோரீன் நம்பவில்லை. சாதியா தோளின் வீடியோவை அனுப்பினாள். நோரீன் வேலையை விட்டாள், காரை விற்றாள், டிக்கெட் எடுத்தாள்.

மின்சார ஒயர்களுக்குக் கீழே குனிந்து குனிந்து அவள் அந்தக் கல்லிக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவ்வளவு உயரமான பெண்பிள்ளை அங்கே வந்ததில்லை. ஏஞ்சலம்மாள் சுத்தியலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வலி இறங்கிவிடும், இவ்வளவு தூரம் வந்தவள் என்னத்தைக் கேட்பாள். நோரீன் தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பாட்டை முனகினாள். தோளிலிருந்து அதே முனகல் வந்தது. ஆனால் அதே இல்லை. தொண்டையிலிருந்து வந்தது மெலிசாக, கொஞ்சம் பயந்து வந்தது. தோளிலிருந்து வந்தது அடித்தொண்டையும் எலும்பும் சேர்ந்த குரல். நோரீன் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அழுதாள். "தன் குரல் இப்படி இருக்கும்னு அவளுக்கே தெரியாதாம், மாமி" என்று சாதியா சொன்னாள்.

"எனக்குந்தான் என் தோளுல ஆளு இருக்கும்னு தெரியாது. அழாம டீயைக் குடிக்கச் சொல்லுட்டி, ஆறிரும்" என்றாள் ஏஞ்சலம்மாள்.

முதல் நிகழ்ச்சி செம்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏற்பாடு செய்தவர்கள் தோள் எதற்கு, அதுதான் ஆளே வந்துவிட்டதே என்று நினைத்தார்கள். நோரீன் விளக்கு வெளிச்சத்தில் நின்று தன் தொண்டையால் பாடினாள். ஒரு பாட்டு பொறுத்தார்கள். இரண்டாவதில் பின்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து, "யாரும்மா இது? எங்க நோரீனை வரச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார். ஜனம் கைதட்டியது அவருக்குத்தான். நோரீன் மேடையிலேயே நின்றாள், ஓடவில்லை. மளிகைக் கடையில் பத்துப் பதினைந்து வருஷம் நின்ற கால்.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து திரைக்குப் பின்னால் ஏஞ்சலம்மாள் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தால் வலிக்காது. மத்தியானமே இரும்புக் கட்டையும் சொல்யூஷன் டப்பாவும் தோல் கட்டும் டெம்போவில் மண்டபத்துக்கு வந்துவிடும். வலி ஏறுகிற வரைக்கும் தட்டுவாள், ஏறிய பிறகு இறங்காமல் இருக்கத் தட்டுவாள். முன்னால் நோரீன் வாயைத் திறந்து மூடுவாள், குரல் பின்னாலிருந்து திரையைப் புடைத்துக்கொண்டு வரும். சுத்தியல் சத்தத்தை ஜனங்கள் தாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் ஒருவர் அந்தத் தாளத்தைப் புகழ்ந்துகூட எழுதினார். பாட்டுகள் முடியும்போது பை விளிம்புகளும் ஒட்டி முடிந்திருக்கும். கரீம் பாட்சா அவற்றுக்கு வழக்கமான பீஸ் ரேட் கூலி போட்டார், குறைக்கவில்லை, கூட்டவுமில்லை.

தனக்கு வருவதில் பாதி ஏஞ்சலம்மாளுக்கு என்று நோரீன் முதல் நாளே சொன்னாள். அவள் நேர்மையான பெண்பிள்ளை, அதைத் தாராவி ஒருநாளும் மறுத்ததில்லை. ஏஞ்சலம்மாள் சாதியாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, தனக்குக் கூலி பாயிடம் வருகிறது, அது போதும், பாட்டுக்கு வேறு ஒன்று வேண்டும் என்றாள். ஸ்டெர்லின் போட்டோவை எடுத்து வைத்தாள். "ஒங்க ஊருலதான் இருக்கான். போய்த் தேடணும். ஏன் கூப்பிடலைன்னு கேக்கணும். வையக் கூடாது, வான்னு இழுக்கக் கூடாது, சும்மா கேக்கணும். அவன் என்ன சொல்லுதானோ அத அப்படியே எங்கிட்ட வந்து சொல்லணும்." நோரீன் அமெரிக்கா எவ்வளவு பெரிய தேசம் என்று விளக்க ஆரம்பித்தாள். சாதியா அதை மொழிபெயர்த்தபோது ஏஞ்சலம்மாள் குறுக்கே விழுந்தாள். "பெரிசுன்னு தெரியும். அங்கேர்ந்து ஒன் குரலுக்கு என் தோளு தெரிஞ்சுதுலா?" நோரீன் கையை நீட்டினாள். காய்ந்த சொல்யூஷன் தோலோடு தோலாக ஒட்டியிருந்த ஏஞ்சலம்மாளின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

பிறகு வருஷங்கள் ஓடின. நோரீன் மாட்டுங்காவில் ரயில்வேயில் ரிட்டயரான ஒரு குடும்பத்தில் அறை எடுத்துத் தங்கினாள். அந்த வீட்டு மாமி அவளுக்குத் துண்டு, தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்தாள், மூன்றாம் வருஷம் தனி என்பதை மறந்துவிட்டாள். நோரீன் தமிழ் கற்றுக்கொண்டாள். தாராவியில் கற்றதால் அது திருநெல்வேலித் தமிழாக வந்தது, மாட்டுங்கா வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். புனே, நாசிக், சூரத் வரைக்கும் போனார்கள். இரும்புக் கட்டையும் போனது. ஒவ்வொரு வருஷமும் நோரீன் ஊருக்குப் போய்த் தேடுகிறேன் என்றாள், ஒவ்வொரு வருஷமும் ஒரு மண்டபம் முன்பணம் கொடுத்துவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. மாற்றிப் போட்டுக்கொண்டே போனாள், அவ்வளவுதான். அவள் ஆயுசு முழுக்கக் கேட்காத கைதட்டல், அதை விட்டு எழுந்திருக்க யாருக்கு மனசு வரும். ஏஞ்சலம்மாள் அதைப் புரிந்துகொண்டாள், அதற்காக விட்டுக்கொடுக்கவுமில்லை. நிகழ்ச்சி முடிந்து டெம்போவில் ஏறும்போதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை கேட்பாள். "எப்பம்?"

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, உள்ளே தசைநார் கிழிந்துகொண்டே வருகிறது, சுத்தியலை விட்டால் வலி போகும், விடாவிட்டால் கை மேலே தூக்க வராது என்றார். வலி போய்விடும் என்பதை அவர் நல்ல செய்தியாகச் சொன்னார். ஏஞ்சலம்மாள் வீட்டுக்கு வந்து தனசீலனிடம் சொன்னாள். அவன் "விட்டுருட்டி. பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான். "பாட்டு யாருக்கு வேணும்? ஒரு குரலு வார பாதைல இன்னொரு குரலும் வரும்லா. நான் கதவை அடைச்சா அவன் எங்க வந்து தட்டுவான்?" என்று கேட்டாள். தனசீலனும் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்தான். அதற்குப் பிறகு அவன் தினமும் சாயங்காலம் தைலம் தேய்த்துவிட்டான், வலி முழுசாகப் போகாத அளவுக்கு.

ஊரடங்கு வந்தபோது கார்கானாவைப் பூட்டினார்கள். பிகாரிப் பையன்கள் நடந்தே போனார்கள். மண்டபங்கள் இருண்டன, மாட்டுங்காவில் நோரீன் அறைக்குள் அடைந்தாள். ஏஞ்சலம்மாளின் தோள் முப்பது சொச்சம் வருஷத்தில் முதல் தடவையாக ஓய்ந்து, ஆற ஆரம்பித்தது. வலி குறையக் குறையக் குரல் தூரமாகப் போனது, அடுத்த தெருவில் பாடுவது போல, பிறகு அடுத்த ஊரில். ஒருநாள் காலை எழுந்தபோது தோள் சுத்தமாக வலிக்கவில்லை. பயந்துபோனாள். வீட்டில் தோல் இல்லை, சொல்யூஷன் இல்லை; அம்மியைத் தூக்கிவைத்து அதன்மேல் பழைய டயர் துண்டைப் போட்டு வெறும் சுத்தியலால் தட்டத் தொடங்கினாள். "ஊரே நோவு போகணும்னு ஜெபம் பண்ணுது, நீ ஒருத்தி நோவு வரணும்னு தட்டுத" என்றான் தனசீலன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் இடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் வலி திரும்பியது. அறைக்குள் முனகிக்கொண்டிருந்த நோரீன் குரலும் திரும்பியது.

சாதியா இதைப் போனில் நோரீனிடம் சொன்னாள். விமானங்கள் ஓட ஆரம்பித்ததும் நோரீன் மண்டபக்காரர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாராவிக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றே, "போயிட்டு வாரேன் யக்கா" என்றாள்.

அவள் சொந்த ஊரில் அந்த வருஷத் திருவிழாவில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிதேசத்தில் பெயர் வாங்கியவள் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியிருந்தது. பாடினாள். சோளக்கதிர் தின்றுகொண்டே கேட்டார்கள், யாருக்கும் கைதட்டுகிற அளவுக்குத் தட்டினார்கள், பன்றிப் பந்தயம் தொடங்குகிறது என்றதும் அந்தப் பக்கம் போனார்கள். நடுராத்திரிக்கு மேல் அவள் காருக்குள் உட்கார்ந்து அழுதது காலை பத்து மணிக்குக் கார்கானாவில் கேட்டது. வழக்கமில்லாத நேரம். ஆனி நூல் வெட்டுகிற கத்திரியை வைத்துவிட்டு, "இவளுக்கு அங்கயும் ஆளில்ல போல, பாவம்" என்றாள். கரீம் பாட்சா அன்று ஒருவரையும் வேலைக்கு விரட்டவில்லை.

பிறகு கார் தெற்கே போனது. இதுவரைக்கும் பாட்டு மட்டும் வந்த தோளில் இப்போது பேச்சும் வர ஆரம்பித்தது. நோரீன் பேசுவது வந்தது, எதிராளி பேசுவது வரவில்லை. துறைமுகங்களில் கேட்டாள், சலவைக்கூடங்களில் கேட்டாள், கப்பல்காரர்கள் சாப்பிடுகிற கடைகளிலும், சர்ச்சு வாசல்களிலும், பெட்ரோல் பங்குகளிலும் கேட்டாள். "ஸ்டெர்லின்னு ஒருத்தர். பாம்பேக்காரர். தமிழ் பேசுவார்." பிறகு ஒரு மௌனம். பிறகு, "சரி, நன்றி." பிறகு கார்க்கதவு. சாயங்காலமானால் கல்லியில் சனங்கள் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சாதியா இங்கிலீஷைச் சொல்லுவாள். இந்த ஊரில் இல்லை, அடுத்ததில் இருப்பான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். ஏஞ்சலம்மாள் தட்டிக்கொண்டே இருப்பாள். கை மேலே தூக்க வராமல் போய்விட்டது, தலை சீவிக்கொள்ள முடியாது, ஆனியின் மகள் ஜாக்குலின் காலையில் வந்து சீவிவிட்டாள். தட்டுவதற்குக் கை உயர வேண்டியதில்லை. இடது கையால் தட்டிப் பார்த்ததில் அதுவும் வலித்தது, ஆனால் அந்த வலியில் யாரும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், தண்ணீர் வரும் நேரத்தில், குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, நோரீன் குரல் வேறு மாதிரி வந்தது. "நீங்கதான் ஸ்டெர்லின்" என்றாள். கேள்வியாக இல்லை. குழாயை யாரோ அடைத்தார்கள்.

மௌனம். நோரீன் தன் பெயரைச் சொன்னாள், தோளைப் பற்றிச் சொன்னாள், சுத்தியலைப் பற்றிச் சொன்னாள். மௌனம். "இல்லை, நான் போலீஸ் இல்லை." மௌனம். பிறகு சொல்லிக்கொடுத்த கேள்வியைத் தமிழில் கேட்டாள், ஏஞ்சலம்மாள் சொல்லுகிற அதே இழுப்போடு. "ஒங்க அம்மா கேக்கச் சொன்னாவ. ஏன் கூப்பிடலைன்னு. வையலை. சும்மா கேக்காவ."

அந்த மௌனம் நீளமாக இருந்தது. அவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்பது நோரீன் நடுநடுவே விடுகிற மூச்சிலிருந்து தெரிந்தது. ஏஞ்சலம்மாள் தோளைத் தன் காதுக்கு எவ்வளவு வளைக்க முடியுமோ அவ்வளவு வளைத்தாள். மகன் குரல் வரவில்லை. நோரீன் "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்குப் புரியுது" என்றாள். பிறகு, "அழாதய்யா" என்றாள். கல்லியில் ஒரு குழந்தை கேவியது, அதன் வாயை அதன் தாய் பொத்தினாள். கடைசியில் நோரீன், "சரி. நானே அவங்ககிட்ட சொல்றேன்" என்றாள். கார்க்கதவு திறந்து மூடியது. வண்டி கிளம்பிய பிறகு நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

ஏஞ்சலம்மாள் ராத்திரி முழுக்கத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாதியா போன் போட்டாள். நோரீன் எடுத்தாள், அவன் உயிரோடு இருக்கிறான், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். அவன் சொன்னது என்ன என்று கேட்டபோது அழைப்பு அறுந்துபோனது. தனசீலன் அன்றைக்கு மீன் வாங்கி வந்தான். "உசிரோட இருக்காம்லா. அது போதும்ட்டி" என்றான். "ஒங்களுக்குப் போதும்னா நீங்க வச்சுக்கிடுங்க. அவன் வாயத் தொறந்து என்னமோ சொல்லியிருக்கான். அது எனக்குச் சொன்னது" என்றாள் ஏஞ்சலம்மாள். மீனைச் சுத்தம் செய்தாள், குழம்பு வைத்தாள், இருவரும் சாப்பிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பாட்டு திரும்ப வந்தது. நோரீன் இப்போது அமெரிக்காவின் தெற்கே ஒரு துறைமுக ஊரில் இருக்கிறாள், திரும்பி வரவில்லை. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே அவள் புதுப் பாட்டு பாடினால் மறுநாள் இங்கே கல்யாண் லோக்கலில் கேட்கலாம். புதுப் பாட்டுகள் பழையவற்றைவிட நன்றாக இருப்பதாக எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். மண்டபங்களில் முன்னால் நின்று வாயசைக்க ஆளில்லாததால், ஏஞ்சலம்மாளே திரையில்லாமல் உட்கார்ந்து தட்டுகிறாள், சனங்கள் தோளைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள், யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. சாதியா கல்யாணமாகி முலுண்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து நோரீனுக்கு எழுதுகிறாள். ஏஞ்சலம்மாளின் கை எப்படி இருக்கிறது, மாட்டுங்கா மாமி எப்படி இருக்கிறாள், மழை எப்படி என்று எல்லாவற்றையும் நோரீன் பதிலில் விசாரிக்கிறாள். சாதியா கேட்கிற ஒன்றுக்கு மட்டும் பதில் போடுவதில்லை. சில சாயங்காலங்களில் பாட்டுக்கு நடுவே குரல் நின்று, ஏதோ சொல்ல வருவது போல ஒரு மூச்சு இழுக்கும். ஏஞ்சலம்மாள் சுத்தியலை ஓங்கியபடி அசையாமல் இருப்பாள். பிறகு அடுத்த பாட்டு வந்துவிடும், அவள் தட்டுவாள்.

அவள் இத்தனை வருஷம் தோளைக் கொடுத்திருக்கிறாள், நோரீன் பாடியிருக்கிறாள், அதில் இரண்டு பேருக்கும் குறை இல்லை. அன்று ஸ்டெர்லின் சொன்ன பதிலை மட்டும் நோரீன் ஹாஸ்கெல் ஏஞ்சலம்மாளுக்கு இன்னும் தரவில்லை.